பக்கத்து வீட்டுக் காட்டுக்கு ஒரு சம்மர் கட்டிங்

உலகத்திலேயே அடர்ந்த காடு ஒரு காலத்தில் எங்கள் தெருவில்தான் இருந்தது. கேஸ் சிலிண்டர் போட வந்தவர் கேட்டைத் திறந்து உள்ளே போனால், வீட்டுக் கதவைக் கண்டுபிடித்து வெளியே வருவதற்குள் அவருக்குக் கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளையே அடுத்த சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கும். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். சிலிண்டர்காரர் ஏற்கெனவே கல்யாணமானவர். ஆனால் தன்னந்தனியாக உள்ளே போன ஒரு பூனை குடும்பத்தோடு வெளியே வந்ததைத் தெருவே வேடிக்கை பார்த்தது. அதில் ஒரு குண்டுமணி கூடக் கலப்படம் இல்லை.

அது டிரைவர் மாமாவின் வீட்டுத் தோட்டம். மாமா நகரப் பேருந்து ஓட்டியவர். அவர் மனைவி, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இருவரும் வீட்டுக்குள்ளே சுத்தமான மனிதர்கள்தான். டீச்சர் வீட்டுத் தரையில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம். வாசற்படியைத் தாண்டியதும் அந்தச் சுத்தம் போன இடம் தெரியாது. செம்பருத்தி மரமாகியிருந்தது. காகிதப்பூக் கொடி கூரை ஏறி, கூரை போதாமல் மின்கம்பத்துக்குத் தாவப் பார்த்துக்கொண்டிருந்தது. இடுப்பளவு புல்லுக்குள் ஒரு மிதிவண்டி நிறுத்தியபடியே நின்றது. வருடத்துக்கு வருடம் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிப்போனது.

தெருவில் ஆளுக்கொரு கதை கட்டினார்கள். உள்ளே புதையல் இருக்கிறது என்றார் ஒருவர். வாஸ்து பார்த்து விட்டிருக்கிறார்கள் என்றார் இன்னொருவர். உண்மை அதைவிட எளிமையானது. மாமாவுக்கு மாறி மாறி ஷிப்ட். டீச்சருக்குத் திருத்துவதற்கு விடைத்தாள். "வெட்டணும்" என்பார் டீச்சர். "வெட்டிடலாம்" என்பார் மாமா. அதோடு அந்த வேலை முடிந்தது.

இப்படிப்பட்ட வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் யார் குடிவர வேண்டும்? ஊரிலேயே நேர்த்திக்குப் பேர்போன சலூன்காரர் வந்து சேர்ந்தார். அவருக்கு 'வகிடு' என்று பெயர். அம்மா அப்பா வைத்த பெயர் வேறு. அது வாக்காளர் அட்டைக்கு மட்டும் தெரியும். அவர் எடுத்துவிட்ட வகிட்டின் மேல் எறும்பு நடந்தால் வளையாமல் நேரே போகும் என்று கடைக்கு வருகிறவர்கள் சொல்வார்கள். வீட்டிலும் அப்படித்தான். முற்றத்துப் பூந்தொட்டிகள் அணிவகுப்பில் நிற்கும். வாசலில் கழற்றிய செருப்புகள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாமல் நேரே பார்க்கும். மருந்துக்கடையில் வேலை பார்த்த அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அண்ணி, வீட்டுக்கு வந்ததும் வேண்டுமென்றே ஒரு செருப்பைக் கோணலாக விட்டுவிட்டுப் போவார். திரும்பிப் பார்ப்பதற்குள் அது நேராகியிருக்கும்.

கடையில் அவருக்கு ஓயாத கேலி.

"அண்ணே, எங்க தலையெல்லாம் அப்புறம் பார்க்கலாம். முதல்ல உங்க பக்கத்து வீட்டுத் தலையைப் பாருங்க."

"அவங்க வந்து உட்காரட்டும். வெட்டுறேன்" என்பார் வகிடு அண்ணன்.

அது வெறும் வாய்ச்சொல் இல்லை. தொழில் பழகிய காலத்தில், நாற்காலியில் தூங்கிப்போன ஒருவரின் மீசை இந்தப் பக்கம் சற்று ஏற்றமாக இருப்பதைக் கண்டு மனம் பொறுக்காமல் சரிசெய்யப் போனார். பிறகு அந்தப் பக்கம் ஏற்றமாகத் தெரிந்தது. மறுபடி இந்தப் பக்கம். அந்த மனிதர் கண்விழித்தபோது இரண்டு பக்கமும் சமமாக இருந்தன, ஏனென்றால் இரண்டு பக்கமும் எதுவுமே இல்லை. அன்றிலிருந்து, தலைக்குச் சொந்தக்காரர் வாய்திறந்து சொல்லாமல் அவர் கத்தரி வாய்திறந்ததில்லை. பக்கத்து வீட்டுக் காட்டைப் பார்க்கும்போதெல்லாம் விரல் துடிக்கும். ஆனால் தொட மாட்டார். மதில் தாண்டித் தன் பக்கம் வருகிற கொடியை மட்டும் காலையில் பழைய கத்தரியால் நறுக்குவார். அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்தப் பச்சைச் சுவர் மழமழவென்று சவரம் செய்ததுபோல் இருக்கும்.

குடிவந்த புதிதில் அப்படி நறுக்கிக்கொண்டிருந்த ஒரு காலையில், இலைகளுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"காதுகிட்டப் பார்த்து வெட்டுங்க, தம்பி."

கத்தரி எங்கோ போய் விழுந்தது. அண்ணன் தொட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டார்.

"யா... யாரு?"

"நான்தான், பக்கத்து வீடு. பயப்படாதீங்க. இங்க உட்கார்ந்து டீ குடிச்சிட்டிருக்கேன்."

காட்டுக்குள் மாமா தனக்கென்று ஒரு குகை வைத்திருந்தார். பழைய பேருந்திலிருந்து கழற்றிப்போட்ட இருக்கை ஒன்று, மதிலை ஒட்டி, கொடிக்கு அடியில். தலையைச் சுற்றிலும் இலை. அங்கே அவர் உட்கார்ந்திருப்பது டீச்சருக்கே பல நாள் தெரியாது.

அன்று ஆரம்பித்த பேச்சு. வகிடு அண்ணன் கடை திறக்கப் போவதற்கு முன்னால் கத்தரியோடு மதிலோரம் வருவார். வெட்ட ஒன்றுமில்லாத நாளிலும் கத்தரியைச் சும்மா காற்றில் கிச்சு கிச்சென்று ஆட்டுவார். அது காலிங்பெல். உள்ளேயிருந்து டம்ளர் வைக்கிற சத்தம் வரும். மாமா வந்தாயிற்று என்று அர்த்தம். மாமாவுக்குக் காலை ஷிப்ட் இருந்த காலத்தில் இந்தப் பேச்சு சாயங்காலத்துக்கு மாறியது. ஓய்வு பெற்ற பிறகு காலைக்கே திரும்பிவிட்டது.

என்ன பேசினார்கள் என்கிறீர்களா? முதலில் விலைவாசி. பிறகு வேலை. பிறகு, யாரிடமும் சொல்லாதவை. இறக்கத்தில் ஒருமுறை பிரேக் பிடிக்காமல் போனது, பேருந்து நிறைய ஆட்கள், எப்படியோ மேட்டில் ஏற்றி நிறுத்தியது, கீழே இறங்கி டயருக்குப் பின்னால் போய் அழுதது, இதையெல்லாம் மாமா டீச்சரிடம்கூடச் சொன்னதில்லை. அண்ணிக்கு வயிற்றில் தங்கிய முதல் பிள்ளை தங்காமல் போன வருடம், அழாமல் இருந்த வகிடு அண்ணன் அந்த மதிலோரத்தில்தான் முதன்முதலாக வாய்விட்டுப் பேசினார். இலைக்கு அந்தப் பக்கம் டம்ளர் நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு மாமா சொன்னார்.

"டீ ஆறிப்போச்சு. இன்னொண்ணு போட்டுட்டு வர்றேன். எங்கயும் போயிடாதீங்க."

மதிலுக்கு மேலே ஒரு கை டம்ளரை நீட்டியது. கை மட்டும்தான். முகம் இல்லை.

விசித்திரம் என்னவென்றால், இதே இரண்டு பேரும் தெருவில் எதிரெதிரே பார்த்துக்கொண்டால் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பார்க்கிறவர்கள் இருவருக்கும் ஏதோ மனத்தாங்கல் என்றுதான் நினைப்பார்கள். டீச்சரே ஒருமுறை அண்ணியிடம், "நம்ம ரெண்டு பேர் வீட்டுக்காரரும் ஏன் பேசிக்கிறதே இல்ல?" என்று கேட்டிருக்கிறார். அண்ணி சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டார்.

வருடங்கள் இப்படிப் போயின. காடு வளர்ந்தது, பேச்சும் வளர்ந்தது. மாமாவின் தலை வழுக்கையானது; அண்ணனுக்கு அது தெருவில் தலையாட்டும்போது தெரிந்த செய்தி. மாமாவின் முழங்கால் தேய்ந்தது. அது இலை வழியாக வந்த செய்தி. கடைசியில் முழங்காலுக்கு அறுவை சிகிச்சை என்று மருத்துவமனையில் நாள் குறித்தார்கள். டாக்சி வந்து நின்றது. டீச்சர் பையும் பிளாஸ்க்குமாக ஏறப்போனவர், மதிலருகே நின்ற அண்ணனைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"தம்பி, வர்ற வரைக்கும் தோட்டத்தைப் பார்த்துக்கோங்க."

கெட்டது குடி.

டீச்சர் சொன்னதற்கு உங்களுக்கும் எனக்கும் என்ன அர்த்தம்? கேட் திறந்து கிடக்கிறதா, யாராவது உள்ளே போகிறார்களா, ஒரு கண் வைத்திருங்கள், அவ்வளவுதான். ஆனால் சலூனில் அந்தச் சொல்லுக்கு வேறு அகராதி. எப்படி வெட்ட வேண்டும் என்று கேட்டால், ஒருவர் "சைடுல மட்டும்" என்பார். ஒருவர் "மேல கைவைக்காதீங்க" என்பார். பழகிய வாடிக்கையாளர் மட்டும் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு, "நீங்களே பார்த்துக்கோங்க" என்பார். அதற்குமேல் ஒரு மரியாதை சலூன்காரருக்கு இல்லை. தலையையே உன் கையில் கொடுத்துவிட்டேன் என்று அர்த்தம்.

டாக்சி தெருமுனை திரும்பி மறைந்த பிறகும் அண்ணன் அதே இடத்தில் நின்றார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"கேட்டியா?" என்றார் அண்ணியிடம். "சொல்லிட்டாங்க."

"என்ன சொல்லிட்டாங்க?"

"வெட்டச் சொல்லிட்டாங்க."

"எப்போ சொன்னாங்க? எனக்குக் கேக்கலையே!"

அவர் காதில் அது விழவில்லை. கடைக்கு விடுமுறை விட்டார். அரிவாள் கடன் வாங்கினார். முதலில் கேட்டருகே கிருதா ஒதுக்குவதுபோல் ஓரம் கட்டினார். பிறகு பிடரி. பிறகு உச்சி. காகிதப்பூ கூரையிலிருந்து பாய்போலச் சுருண்டு இறங்கியது. செம்பருத்தி மீண்டும் செடியானது. மிதிவண்டி கிடைத்தது, மணி மட்டும் இன்னும் அடித்தது. யாரும் கேள்விப்படாத ஒரு தண்ணீர்த்தொட்டி கிடைத்தது. ஒன்றரைத் தலைமுறைப் பிள்ளைகள் தொலைத்த பந்துகள் கிடைத்தன. மதிலோரத்தில் அந்தப் பேருந்து இருக்கை கிடைத்தபோது மட்டும் சற்று நிதானித்தார். அதைத் துடைத்து, இடம் மாற்றாமல், ஆனால் நேராக வைத்தார். அதற்கு மேலே தொங்கிய கொடியையும் எடுத்தார். அரைகுறையாக விட்டுவிட்டுப் போக அவருக்குத் தெரியாது. கடைசியாக, கேட்டிலிருந்து வாசற்படி வரை நட்டநடுவில் ஒரு பாதை. வகிடு!

தெருவே திரண்டு வந்து பார்த்தது. "அந்த வீட்டுக்கு நீல பெயிண்ட் அடிச்சிருக்கா? இத்தனை நாள் தெரியாதே!" என்று ஒருவர் வியந்தார்.

மாமாவும் டீச்சரும் திரும்பி வந்த அன்று, டாக்சிக்காரரிடம் மாமா, "இது இல்லப்பா, அடுத்த வீடு" என்று வாதாடினார். டீச்சர் இறங்கி, கேட்டைப் பிடித்துக்கொண்டு, உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அடேயப்பா! நம்ம வீட்டுக்கு இந்தப் பக்கம் சன்னல் இருக்கு!"

அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு, கண்ணாடியைப் பின்னால் பிடித்துக் காட்டிவிட்டு வாடிக்கையாளரின் தலையசைப்புக்குக் காத்திருக்கும் அதே தோரணையில் நின்றார். "பிடிச்சிருக்கா, டீச்சர்?"

"என்ன தம்பி, பார்த்துக்கோங்கன்னுதானே சொன்னேன்! இப்படி சம்மர் கட்டிங் அடிச்சு வச்சிருக்கீங்க?"

"எங்க கடையில பார்த்துக்கோங்கன்னா... அதுதான் அர்த்தம்" என்றார் அண்ணன். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. மீசைக்காரர் கண்விழித்த காட்சி அவர் கண்முன் வந்து நின்றிருக்க வேண்டும்.

டீச்சருக்கு விஷயம் புரிந்ததும் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துச் சிரித்துப் பிளாஸ்க்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். துளிக் கோபம் இல்லை. இனிமேல் துணி காயும், வெளிச்சம் வரும் என்று சந்தோஷம்தான். மாமாவும் திட்டவில்லை. ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு அந்த நேர்ப்பாதையில் மெதுவாக நடந்து போனார். வாசற்படியில் ஒருமுறை நின்று, மதிலோரம் வெட்டவெளியில் கிடந்த இருக்கையைப் பார்த்தார். "நல்லா பண்ணியிருக்கீங்க, தம்பி" என்றார். உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலையில் அண்ணன் வழக்கம்போல் மதிலோரம் வந்தார். மாமாவும் ஊன்றுகோலோடு வந்து உட்கார்ந்தார். நடுவில் ஒரு இலைகூட இல்லை. இடுப்பளவு மதில், இரண்டு முகங்கள்.

"டீ ஆச்சா?" என்றார் மாமா.

"ஆச்சு. உங்களுக்கு?"

"ஆச்சு."

காக்கை ஒன்று கத்தியது. இருவரும் நன்றியோடு அதைப் பார்த்தார்கள். அது பறந்துபோனது.

"சரி, கடைக்கு நேரமாச்சு" என்றார் அண்ணன். நேரமாகவில்லை.

அடுத்த நாளும் இதேதான். அதற்கடுத்த நாள் மாமா வரவில்லை. வராமல் இருந்துவிட்டாரே என்று அண்ணனுக்கு வருத்தம். வந்திருந்தால் என்ன பேசுவது என்று பயம். யோசித்துப் பாருங்கள். இவர் வாழ்நாள் முழுவதும் மனிதர்களின் முதுகுக்குப் பின்னால் நின்று பேசியவர். அவர் வாழ்நாள் முழுவதும் மனிதர்களுக்கு முதுகைக் காட்டியபடி பேசியவர். நேருக்கு நேர் முகம் பார்த்துப் பேச இருவருக்கும் யாருமே கற்றுத்தரவில்லை. இலை இருந்தவரை அது ஒரு குறையாகவே தெரியவில்லை.

கடையில் ஒரு வாடிக்கையாளருக்கு அண்ணன் எடுத்த வகிடு கோணிப்போனது. ஊரில் கிரகணம் பிடித்ததுபோல் அதைப் பேசிக்கொண்டார்கள்.

வீட்டில் அண்ணி பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் மதிலுக்கு மேலே கயிறு கட்டி அண்ணன் ஒரு போர்வையைத் தொங்கவிட்டபோது, வந்து இடுப்பில் கைவைத்து நின்றார்.

"இது எதுக்கு?"

"காயட்டும்னு."

"துவைக்கவே இல்லையே?"

அண்ணன் போர்வையின் ஓரத்தை இழுத்து நேராக்கினார். மறுநாள் காலையில் போர்வைக்கு இந்தப் பக்கம் நின்று கத்தரியை ஆட்டினார். அந்தப் பக்கம் டம்ளர் வைக்கிற சத்தம் கேட்டது. அண்ணன் வாயைத் திறக்கும்போது, போர்வை சரேலென்று விலகியது. டீச்சர்.

"தூறல் போடுதே, போர்வை நனையுதுன்னு யாருக்கும் தெரியலையா?" என்று அதை மடித்து அண்ணன் கையில் கொடுத்தார். பின்னால் இருக்கையில் மாமா, பாதித் திறந்த வாயோடு.

அன்று சாயங்காலம் கடையிலிருந்து வந்த அண்ணன், கொடிக்கன்று ஒன்றைக் கொண்டுவந்து மதிலோரம் வைத்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளங்கை உயரம் இருந்தது.

"இது மதில் ஏறி மறைக்கிறதுக்குள்ள உங்க ரெண்டு பேருக்கும் பல் இருக்காது" என்றார் அண்ணி. "அப்புறம் பேசுறது யாருக்குப் புரியும்?"

"நானே வெட்டிட்டேன்" என்றார் அண்ணன். "யாரும் கேக்காம நானே வெட்டிட்டேன். மாமா வாய்விட்டுத் திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்ல. இனிமே அவ்வளவுதான் போல."

அண்ணி முந்தானையை இழுத்துச் செருகினார். நேரே பக்கத்து வீட்டுக்குப் போனார். அந்தப் புதிய நேர்ப்பாதையில் போக வெகு வசதியாக இருந்தது. டீச்சரிடம் என்ன சொன்னாரோ, எவ்வளவு சொன்னாரோ. டீச்சர் மட்டும், "அப்போ இத்தனை வருஷமா எனக்குத் தெரியாம என் தோட்டத்துல ஒரு கச்சேரி நடந்திருக்கு!" என்று சொன்னது தெருவரை கேட்டது.

மாமாவின் புது முழங்காலுக்குத் தினமும் நடக்க வேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். டீச்சரோடு நடக்க மாமா மறுத்தார். "நடக்கும்போது பின்னாடியே திருத்திக்கிட்டு வர்றா. வலது காலைத் தூக்கு, இடது காலை நீட்டுன்னு. எனக்கு பரீட்சை எழுதுற மாதிரி இருக்கு." ஆகவே மறுநாள் காலையில் டீச்சர் மதிலருகே வந்து, வகுப்பறைக் குரலில் அழைத்தார்.

"தம்பி! கேக்காம வெட்டினதுக்கு உங்களுக்குத் தண்டனை உண்டு. இவரை தினம் நடத்திக் கூட்டிட்டுப் போகணும்."

"நானா?"

"பின்ன, கொடியா நடத்தும்?"

மாமா கேட்டுக்கு வந்தார். அண்ணன் கேட்டுக்கு வந்தார். எதிரெதிரே நின்று தலையாட்டிக்கொண்டார்கள். பிறகு வேறு வழியில்லாமல், ஒரே திசையைப் பார்த்துத் திரும்பி, பக்கத்தில் பக்கத்தில் நடக்க ஆரம்பித்தார்கள். ஊன்றுகோல் டொக் டொக்கென்றது. இருவர் கண்ணும் தெருவின் மேலேயே இருந்தன. இஸ்திரி வண்டியைத் தாண்டினார்கள். பால் பூத்தைத் தாண்டினார்கள். முகம் பார்க்கத் தேவையில்லை என்பது மெல்ல மெல்ல இரண்டு பேருக்கும் உறைத்தது. தோளும் தோளும் பக்கத்தில் இருந்தால், பார்வை முன்னால் இருந்தால், அது போதும். ஒரு திருப்பத்தில் மாமா நின்றார். சாலையைப் பார்த்தபடியே சொன்னார்.

"எனக்கு முகத்தைப் பார்த்துப் பேச வராது. ஆனா உங்ககிட்டப் பேசாம இருக்கவும் வரல."

அவ்வளவுதான். மடை திறந்தது. அன்று இரண்டு பேரும் பேசிக்கொண்டே நடந்தார்கள், நடந்தார்கள், பக்கத்து ஊரின் எல்லையில் வழி கேட்டுத்தான் திரும்பினார்கள். அதன் பிறகு பல வருடங்கள் அந்த நடை ஓயவில்லை. ஊன்றுகோல் போய், பிறகு வேறு காரணத்துக்காக மறுபடி வந்தது. காடும் ஒரு பக்கம் வளர்ந்துகொண்டிருந்தது. யாரும் தடுக்கவில்லை, யாருக்கும் அது தேவைப்படவும் இல்லை.

இப்போது அந்த இடத்தில் கார் நிறுத்தும் சிமெண்டுத் தரை. ஒரு புல் முளைப்பதற்குக்கூட இடுக்கு இல்லை. மாமா போய்ச் சில காலமாகிவிட்டது. வகிடு அண்ணன் காலையில் தனியாகத்தான் நடக்கிறார். சாலையின் ஓரமாக, பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் விட்டு.

இதை எழுதிமுடித்து, சரியாக இருக்கிறதா என்று அண்ணியிடம் வாசித்துக் காட்டினேன். பக்கத்து ஊர் எல்லை வரை நடந்ததாகக் கூட்டிச் சொன்ன இடம் வரும்போது ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அதை அவர் கண்டுகொள்ளவே இல்லை.

"அந்தத் திருப்பத்துல நின்னது மாமா இல்ல" என்றார். "டீச்சரும் நானும் பத்தடி தள்ளிப் பின்னாடியேதான் போனோம், என் காதாலேயே கேட்டேன். அந்த வார்த்தையைச் சொன்னது எங்க வீட்டுக்காரர். மாமா அன்னைக்கு வீடு வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. மூக்கை மட்டும் உறிஞ்சிக்கிட்டே வந்தார்."